தலைமுடியளவு இடைவெளி

"இருக்கா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம், போதும்."

குற்றாலிங்கம் கேட்டது கடவுளைப் பற்றி அல்ல. நீளம், அகலம், உயரம் போக, இந்த வெளியில் நம் கண்ணுக்குத் தட்டுப்படாமல் இன்னொரு பரிமாணமும் சுருண்டு ஒளிந்திருக்கிறதா என்பதைப் பற்றி.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் பேராசிரியர். பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டிய வயதில் லீவு போட்டுவிட்டு, இந்த மலையடிவார ஆய்வுக்கூடத்துக்குச் சிஷ்யனாக வந்து சேர்ந்த மனிதர். குரு மெஹர்பானு அவரைவிடப் பத்து வயது இளையவர். அதில் குற்றாலிங்கத்துக்குக் குறை ஒன்றும் இல்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை என்பதுதான் குறை.

"வரைபடம் என்ன சொல்லுது சார்?" என்றார் மெஹர்பானு.

"இருக்குன்னு சொல்லுது. நீங்க சொல்ல மாட்டேங்கீங்க."

மெஹர்பானு டீயை ஊதிக் குடித்தார்.

அவர்களுடைய சோதனையைச் சொல்வது எளிது, செய்வதுதான் பாடு. காற்றை உறிஞ்சி எடுத்த ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே இரண்டு தட்டுகள். ஒன்று மெல்லிய இழையில் தொங்கும், மற்றது மெல்ல மெல்ல அதை நெருங்கும். ஈர்ப்பு விசையால் அவை ஒன்றையொன்று இழுக்கும்; எவ்வளவு நெருங்கினால் எவ்வளவு இழுப்பு என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஒளிந்த பரிமாணம் என்று ஒன்று இருந்தால், மிகவும் நெருங்கும்போது இழுப்பு அந்தக் கணக்கை மீறும்.

மீறிவிட்டது.

தட்டுகளுக்கு நடுவே ஒரு தலைமுடி நுழையும் அளவுக்குத்தான் இடம் இருந்தபோது, வரைபடத்தில் கோடு மேலே எகிறிவிட்டது.

பாவம், குற்றாலிங்கத்துக்கு வாய் நிற்கவில்லை. ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். கல்லூரியில் பாராட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்து, பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸும் கட்டியாயிற்று. 'புதிய பரிமாணம் கண்ட எங்கள் பேராசிரியரே, வருக' என்று. படத்தில் அவருடைய நரையை எல்லாம் கறுப்பாக்கியிருந்தார்கள்.

மெஹர்பானு டம்ளரைக் கீழே வைத்தார்.

"வெளியில எல்லாத்தையும் சரிபார்த்தாச்சு. பெட்டிக்குள்ள மட்டும் பார்க்கல. திறந்து பாருங்க."

குற்றாலிங்கம் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பெட்டியைத் திறந்தால் காற்று புகுந்துவிடும். மறுபடி மூடி, காற்றை எடுத்து, இழையின் ஆட்டம் அடங்கவே மாதக்கணக்கில் ஆகும். அவருடைய லீவோ அடுத்த மாதம் முடிகிறது. நாள் தவறினால் அவருக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவி வேறு ஆளுக்குப் போய்விடும்.

"நீங்க நம்பலையா மேடம்?"

"நம்பணும்னு ரொம்ப ஆசையா இருக்கு. அதான் திறக்கச் சொல்றேன்."

"திறக்காம கட்டுரையை அனுப்பினா?"

"தாராளமா அனுப்பலாம். எம் பேரை மட்டும் எடுத்துடுங்க."

மெஹர்பானு மேசை இழுப்பறையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் குற்றாலிங்கத்தின் முன்னால் வைத்துவிட்டு, தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போனார்.

குற்றாலிங்கம் ஸ்பேனரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இங்கே வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவருக்குத் தன் குருவின் மேல் கோபம் வந்தது. தாமதமாக வந்தவனுக்கு ஒரு நல்லது நடந்தால் இவருக்கென்ன என்றுகூட நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் வெட்கமாக இருந்தது.

பிறகு எழுந்துபோய் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார்.

மூடி திறந்ததும் லென்ஸை வைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். தட்டின் ஓரத்தில் செக்கச்செவேல் என்று ஒரு துகள்.

வேறு யாராக இருந்தாலும் அது என்னவென்று தெரியாமல் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பார்கள். குற்றாலிங்கத்துக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஆயுத பூஜையன்று எல்லோரும் பெட்டிக்கு வெளியேதான் பொட்டு வைத்தார்கள். இவருக்கு மனம் ஆறவில்லை. காரியம் நடக்கப் போவது உள்ளே அல்லவா? மூடியை மாட்டுவதற்கு முன்னால், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அதன் உட்புறம் ஒரு சிட்டிகை குங்குமம் வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டிருந்தார்.

அது காய்ந்து உதிர்ந்திருக்கிறது. அத்தனை சின்ன இடைவெளியில் மின்னேறிய ஒரு துகள் போதும், தட்டைப் பிடித்து இழுத்துவிடும்.

மெஹர்பானு திரும்பி வந்தபோது குற்றாலிங்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"நான்தான் மேடம். நல்லபடியா வரணும்னுதான் வச்சேன்."

மெஹர்பானு லென்ஸில் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

"திட்டுங்க மேடம். பேசாம இருக்காதீங்க."

"எதுக்குத் திட்டணும்? இந்தக் கோடு நிசமா இருக்கணும்னு அஞ்சு வேளையும் நான் துவா கேட்டிருக்கேன். என்னோடது பெட்டிக்குள்ள உதிரல, அவ்வளவுதான் சார்."

அவரும் புடவையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாரடித்து அழ வேண்டிய நேரத்தில் குற்றாலிங்கத்துக்கு ஏனோ சிரிப்பு வந்தது. மெஹர்பானுவுக்கும் தொற்றிக்கொண்டது.

சிரித்து ஓய்ந்ததும் மெஹர்பானு கேட்டார்.

"ஊர்ல என்ன சொல்லப் போறீங்க?"

"குங்குமம்னு சொல்லுவேன். கேலி பண்ணுவாங்க. பண்ணட்டும்."

"தலைவர் பதவி?"

"போகட்டும் மேடம். அதுவா இப்பம் முக்கியம்?"

மெஹர்பானு அவரையே பார்த்தார். பிறகு, இத்தனை காலமும் அவர் தன்னைக் கேட்டதை, மெல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலக் கேட்டார்.

"இருக்குமா சார்?"

குற்றாலிங்கம் எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டார். துணியை எடுத்துத் தட்டை ஓரத்திலிருந்து மெதுவாகத் துடைக்கத் தொடங்கினார்.

"அடுத்த தடவை தட்டை இதை விடக் கிட்ட கொண்டுபோலாம் மேடம்," என்றார்.