உருளாத எலுமிச்சம்பழம்

மேட்டுப்பாளையம் டாக்சி ஸ்டாண்டில் என் அம்பாசடரைத் தொட்டில் என்று சொன்னவன், அங்கேயே கார் ஓட்டும் கனகசபை. அதுவும் சவாரி ஏற வந்தவர்கள் காதில் விழும்படி சொன்னான். வளைவில் என் வண்டி கொஞ்சம் சாயும், உண்மைதான். அதற்காகத் தாலாட்டுப் பாடிக் காட்டுவானா? நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. அவன் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் அப்பளம் வராதது இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் வண்டிக்கு அடியில் தடித்த ஸ்டெபிலைசர் கம்பி மாட்டினேன். முன் சக்கரங்கள் இரண்டையும் குறுக்கே பிணைக்கிற கம்பி அது. ஒரு பக்கம் அமுங்கப் பார்த்தால் மறுபக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், வண்டி சாயாது. இரண்டு முனையிலும் அதைச் சக்கரத்தோடு இணைக்கப் புது லிங்க் ராடு.

மறுநாள் காலையில் ஒரு அம்மாவும் பட்டு வேட்டி கட்டிய அவர் மகன் திருமூர்த்தியும் வந்தார்கள். கோத்தகிரிக்குப் பெண் பார்க்கப் போகிறார்களாம். போன தடவை இப்படி மலையேறிப் போனபோது பெண் வீட்டு வாசல் கோலத்தின் மேலேயே பையன் வாந்தி எடுத்துவிட்டான். சம்பந்தம் அங்கேயே முறிந்தது. இந்தத் தடவை ஆடாத வண்டி வேண்டும் என்றார் அந்த அம்மா.

கனகசபை தன் கார்க் கதவைத் திறந்தான். நான் வாயைத் திறந்தேன்.

கம்பி மாட்டியதும் ஒரு நாவிதரைப் பின்சீட்டில் ஏற்றினேன், கீழிருந்து கோத்தகிரி போய்ச் சேருவதற்குள் பக்கத்தில் இருந்தவருக்கு முகச்சவரம் முடித்து மீசையும் ஒதுக்கிவிட்டார், ஒரு கீறல் இல்லை என்றேன்.

"பிளேடா, கத்தியா?" என்றான் கனகசபை.

"கத்தி."

வண்டி சாயமாட்டேன் என்றதால் ரோடுதான் சாய்ந்து கொடுத்தது என்றேன். தேயிலைத் தோட்டத்தில் சரிவில் நின்று கொழுந்து கிள்ளிய பெண்கள் எல்லாரும் திடீரென்று சமதரையில் நின்றார்கள். ஒரு கிழவி இடுப்பு வலி போய்விட்டது என்று கும்பிட்டாள்.

"மாட்டினதே நேத்து சாயங்காலம்தானேப்பா?"

"அதுக்குள்ள இவ்வளவு நடந்திருக்கு. இன்னைக்கு விடிகாலைல நடந்ததைக் கேளு."

குஞ்சப்பனை பக்கம் ஒரு கொம்பன் யானை குறுக்கே வந்து வண்டியைப் பக்கவாட்டில் முட்டியது. வண்டி சாயவில்லை. யானைதான் சாய்ந்தது. எழுந்து, முட்டி போட்டு வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தது. கம்பியைத் தும்பிக்கையால் தடவிப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போனது. நான் திரும்பி வரும்போது குட்டியோடு நிற்கிறது. குட்டிக்கு நடை தள்ளாடுகிறதாம். அதற்கும் ஒன்று மாட்டிவிடச் சொல்லிக் காலைத் தூக்கிக் காட்டியது.

திருமூர்த்தி சிரித்துவிட்டான். அந்த அம்மா சிரிக்கவில்லை. பக்கத்தில் மலைக்குப் போகிறவர்களுக்கு முகர எலுமிச்சம்பழம் விற்கும் பொன்னுத்தாயியிடம் ஒன்று வாங்கி மகன் கையில் கொடுத்தார். நான் அதைப் பிடுங்கி வண்டிக்குள் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் பலகையில் வைத்தேன்.

"கோத்தகிரி வரைக்கும் இது உருளாதுங்க. உருண்டா இனி ஆயுசுக்கும் வரிசையில இந்தக் கனகசபைக்குப் பின்னாடி நிக்கிறேன்."

அவர் பழத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், ஏறி உட்கார்ந்தார்.

சாயங்காலம் இறங்கி வந்தோம். கனகசபை வேலையெல்லாம் விட்டுவிட்டுக் காத்திருந்தான். போன காரியம் என்ன ஆச்சு என்று கேட்டான். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெண்ணுக்கும் பிடித்துவிட்டது, தட்டு மாற்ற நாள் குறித்தாகிவிட்டது என்றார் அந்த அம்மா. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அவன் விடவில்லை.

"பழம் உருண்டுச்சுங்களா?"

"இல்லீங்க. முதல் வளைவுலயே இந்த டிரைவர் எடுத்து மூக்குல வெச்சுக்கிட்டாரு, கோத்தகிரி போய்த்தான் கீழ வெச்சாரு. பொண்ணு வீட்டுல முதல் சோடா இவருக்குத்தான் உடைச்சாங்க."

எப்படியோ, பழம் உருளவில்லை. அதை அந்த அம்மாவே சொன்னார். வரிசையில் நான்தான் முன்னால் நிற்கிறேன். கனகசபை பின்னால் நின்று இன்னும் சிரிக்கிறான். அப்பளத்தோடு அதையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.