ஜன்னல் பக்கம் வைத்த போன்

பாக்கியநாதன் அண்ணாச்சி செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே தெரிந்துவிட்டது, ஆள் கொதித்துப்போய் வந்திருக்கிறார். ஒரு செருப்பு வாசலில் கிடந்தது. இன்னொன்று ரோஜாத் தொட்டிக்குப் பின்னால் போய் விழுந்தது.

"டீச்சர் இருக்காங்களா?"

"இருக்காங்க. காபி குடிக்கீங்களா அண்ணாச்சி?"

"எனக்குக் காபி ஒண்ணுதான் கேடு!"

போட்டுக் கொடுத்தேன். குடித்தார்.

அவர் டீச்சர் என்று சொல்வது என் மனைவி பியூலாவை. பாளையங்கோட்டையில் ஸ்டீல் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறாள். வீட்டில் நானும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். அப்படிக் கூப்பிட்டே பல சண்டைகளிலிருந்து தப்பித்திருக்கிறேன்.

அண்ணாச்சி அவளைவிட ரொம்ப மூத்தவர். டெலிபோன் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் வாத்தியத்தைத் தொட ஆசைப்பட்டார். போன இடமெல்லாம், "இந்த வயசுல விரல் வளையாது சார்" என்று அனுப்பிவிட்டார்கள். டீச்சர் மட்டும் "உக்காருங்க, பாப்போம்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அவர் எங்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் கேக் கொண்டுவருகிறார், பொங்கலுக்குக் கரும்பும் கொண்டுவருகிறார்.

கொஞ்சம் கை வந்ததும், "எனக்குக் கிடைச்சது என்கிட்டயே கிடந்து மக்கிரக் கூடாது டீச்சர்" என்று யூடியூபில் பாடம் போட ஆரம்பித்தார். எல்லாம் இலவசம். அடிப்படையில் இருந்து, பொறுமையாக, தமிழில். ஸ்டீல் கிட்டாருக்குத் தமிழில் அப்படி யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள்? நிறையப் பேர் பார்த்தார்கள்.

இந்த வாத்தியத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை மற்ற கிட்டார் மாதிரி நெஞ்சோடு அணைத்து வாசிப்பதில்லை. மடியில் படுக்கப் போட வேண்டும். இடது கையில் ஒரு இரும்பு உருளை. அதற்குப் பெயர் பார். அதைக் கம்பிகளின் மேல் வழுக்கி வழுக்கி வாசிக்க வேண்டும். கம்பிகளுக்குக் கீழே பலகையில் கோடுகள் இருக்கும். பார் சரியாகக் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். ஒரு நூல் தள்ளி நின்றாலும் சுருதி போச்சு.

அண்ணாச்சி போனை டீச்சரிடம் நீட்டினார். "படிச்சுப் பாருங்க. வயித்தெரிச்சல்."

ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதில் திருச்சி இருதயராஜ் எழுதியிருந்தார். மனிதர் அருமையாக வாசிப்பார். வாய்தான் கொஞ்சம் நீளம்.

'பாக்கியநாதன் சார் பாடத்தைப் பார்த்து வாசித்தால் தெரு நாய் ஊளையிடும். என்னிடம் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாம் சுருதி இறங்கியே வாசிக்கிறார்கள். யாரிடம் படித்தாய் என்றால் இவர் பெயரைச் சொல்கிறார்கள். காது இல்லாதவர்கள் வாத்தியார் ஆனால் இப்படித்தான்.'

கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள்.

"என் வாசிப்புல சுருதி எங்க இறங்கியிருக்குன்னு காட்டச் சொல்லுங்க, டீச்சர். நீங்க எத்தனை தடவை கேட்டிருக்கீங்க!"

"கேட்டிருக்கேன். சுத்தமாத்தான் இருக்கும்."

"அப்போ இது பொறாமை இல்லாம வேற என்ன? நாலு பேரு என்னைப் பாக்காங்கன்னு தாங்க முடியல. போதும் டீச்சர். எல்லாத்தையும் அழிச்சிரப் போறேன். இன்னைக்கே."

"சரி."

அண்ணாச்சி திகைத்துவிட்டார்.

"அழிச்சிரவா?"

"நீங்கதானே அழிக்கப் போறேன்னீங்க."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போவது மாதிரி போய்க் கதவோரம் நின்றுகொண்டேன்.

"எல்லாரும் இவரை மாதிரி இல்ல டீச்சர்," என்றார் அண்ணாச்சி, குரலை இறக்கி. "நல்ல மனசுக்காரங்களும் இருக்காங்க. இதைப் பாருங்க. இதைப் படிச்சாத்தான் எனக்கு ராத்திரி தூக்கமே வருது."

ஜெபமலர் என்று ஒரு பெண். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். அவருடைய வீடியோவின் கீழே எழுதியிருந்தாள்.

'அங்கிள், உங்களுக்கு ஆயிரம் நன்றி. இவ்வளவு பொறுமையாக யாரும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். டியூட்டி முடிந்து வந்ததும் உங்கள் வீடியோதான். உங்கள் கை எங்கே இருக்கிறதோ அப்படியே வைத்துப் பார்க்கிறேன். ஆனால் எனக்கு வரவே இல்லை. ரூமில் சிரிக்கிறார்கள். குறை உங்களிடம் இல்லை அங்கிள், எனக்குத்தான் காது இல்லை. கிட்டாரை விற்கப் போட்டுவிட்டேன். ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.'

டீச்சர் அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன், அண்ணாச்சி பார்க்கவில்லை.

"இது எப்ப வந்தது?"

"முந்தாநாள். எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கு பாத்தீங்களா?"

"நீங்க என்ன பதில் போட்டீங்க?"

"கும்பிடுற பொம்மை போட்டேன்."

டீச்சர் கிட்டாரை எடுத்து மடியில் போட்டாள். அண்ணாச்சியின் போனை எதிரில் சாய்த்து வைத்து, அவருடைய வீடியோ ஒன்றை ஓடவிட்டாள். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டாள்.

"சத்தம் இல்லாம என்ன பாக்கப் போறீங்க?"

"உங்க கையை."

திரையில் அண்ணாச்சியின் கை நகர்ந்தது. டீச்சரும் கண்ணைத் திரையில் இருந்து எடுக்காமல் பாரை நகர்த்தினாள். அவர் எங்கே வைத்தாரோ அங்கே வைத்தாள், அவர் தட்டும்போது தட்டினாள்.

சொல்லவே கூடாது, அப்படி ஒரு சத்தம். ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் கொஞ்சம் கீழே நின்றது. இருபது வருஷமாக அவள் வாசிப்பதைக் கேட்கிறேன். என் பெண்டாட்டி கையில் இருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததே இல்லை.

"டீச்சர், இறங்குது."

அவள் நிறுத்தவில்லை.

"இறங்குது டீச்சர். பாரைக் கொஞ்சம் ஏத்துங்க. ஐயோ, எல்லாமே இறங்குது! நிறுத்துங்க!"

நிறுத்தினாள்.

"உங்க கை இருக்கிற இடத்துலதான் அண்ணாச்சி என் கையும் இருந்தது."

"இருக்காது. நான் கோட்டு மேலதான் வைப்பேன்."

"போனை எங்க வச்சுப் படம் எடுக்கீங்க?"

"வலது பக்கம், ஜன்னல் கட்டையில. அங்கதான் வெளிச்சம். மேல இருந்து எடுத்துப் பாத்தேன், என் வழுக்கைதான் பளபளன்னு தெரியுது. யாரு பாப்பா?"

"வாங்க. இந்தப் பக்கம் வந்து, போன் இருக்கிற உயரத்துக்குக் குனிஞ்சு பாருங்க."

அண்ணாச்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு வலது பக்கமாகக் குனிந்தார். டீச்சர் பாரை ஒரு கோட்டுக்கு மேலே வைத்தாள்.

"எங்க நிக்குது?"

"கோட்டுக்கு வரல. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளணும்."

அவள் கம்பியைத் தட்டினாள். மணி மாதிரி நின்றது சுரம். சுத்தம்.

அண்ணாச்சி எழுந்து நின்று மேலே இருந்து பார்த்தார். பார் கோட்டுக்கு நேராக இருந்தது. மறுபடி குனிந்தார். கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. எழுந்தார். குனிந்தார். எங்கள் தெருப் பிள்ளைகள் பார்த்திருந்தால் தோப்புக்கரணம் என்று நினைத்திருக்கும்.

கடைசியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பலகைக்கும் கம்பிக்கும் நடுவுல இடைவெளி இருக்கே. பக்கத்துல இருந்து பாத்தா தள்ளித்தானே தெரியும். நான் கோட்டு மேலதான் வச்சேன் டீச்சர். ஆனா பாக்கிறவங்களுக்கு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். போனை எடுத்து ஜெபமலர் எழுதியதைத் திரும்பப் படித்தார். இந்தத் தடவை உதடு அசைத்து, ஒவ்வொரு சொல்லாக.

"'அப்படியே வைத்துப் பார்க்கிறேன்'னு எழுதியிருக்காளே." அவர் குரல் உடைந்துவிட்டது. "காது இல்லைன்னு கிட்டாரை விக்கப் போறா. அதுக்குப் போயி நான் கும்பிடு போட்டிருக்கேன்!"

அவ்வளவு பெரிய மனிதர் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். டீச்சர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்தேன்.

குடித்துவிட்டு, "இருதயராஜுக்குப் பதில் எழுதணும்," என்றார். "முதல்ல அவருக்கு எழுதவா, இவளுக்கு எழுதவா?"

"அவர் நாளைக்கும் இருப்பாரு. கிட்டார் நாளைக்கு இருக்குமா?"

அங்கேயே உட்கார்ந்து எழுதினார். எல்லாரும் பார்க்கிற இடத்தில், அவள் எழுதியதற்குக் கீழேயே. 'மகளே, தப்பு உன்னுடையது இல்லை. நான் போனை வைத்த இடம் தப்பு. உன் கை நான் காட்டிய இடத்துக்குச் சரியாகப் போயிருக்கிறது. நான் காட்டியதுதான் கோணல். தயவுசெய்து கிட்டாரை விற்றுவிடாதே. என்னை மன்னித்துவிடு.' தன் வாட்ஸப் நம்பரையும் கீழே போட்டு, போனை டீச்சரிடம் காட்டினார். அவள் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை.

அன்று சாயங்காலமே புதிதாக ஒரு வீடியோ எடுத்தார். போனை மேலே தொங்கவிட்டு, வழுக்கையோடு. பழைய பாடங்களில் என்ன கோளாறு என்று முதலிலேயே சொன்னார். ஒளிக்கவில்லை.

மறுநாள் வந்தபோது இரண்டு செருப்பும் வாசலிலேயே கிடந்தன.

"இருதயராஜுக்கு என்ன எழுத டீச்சர்? நாய் ஊளைன்னதுக்கு நன்றின்னு எழுதவா?"

"அதுக்கு வேண்டாம்."

"பின்ன எதுக்கு?"

"உங்ககிட்ட படிச்ச பிள்ளைகளை இவ்வளவு நாளா அவர்தானே உக்காந்து திருத்திட்டு இருந்திருக்காரு."

அண்ணாச்சி எழுதுவதை விட்டுவிட்டு நேராகப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"தம்பி, பாக்கியநாதன் பேசுதேன்."

"சொல்லுங்க சார்." அந்தப் பக்கம் குரல் விறைப்பாக இருந்தது.

அண்ணாச்சி போன் வைத்த இடத்தைச் சொன்னார், கோட்டைச் சொன்னார். "என் பிள்ளைகளை நீங்கதான் திருத்தியிருக்கீங்க. நான் செஞ்ச கோணலுக்கு நீங்க பாடுபட்டிருக்கீங்க. ரொம்ப நன்றி தம்பி" என்றார்.

இருதயராஜின் குரலில் இருந்த விறைப்பு போய்விட்டது.

"சார், நீங்க சண்டைக்கு வருவீங்கன்னு நான் பதில் எல்லாம் எழுதித் தயாரா வச்சிருந்தேன்."

"நானும்தான் வச்சிருந்தேன்."

இருவரும் சிரித்தார்கள். "குரூப்புல போட்டதை எடுத்துடறேன் சார். காதுன்னு எழுதியிருக்கக் கூடாது" என்றார் இருதயராஜ்.

"எடுக்காதீங்க. கீழ நான் உண்மையை எழுதிருதேன். என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு ஜன்னல்ல போனை வச்சிருக்காங்களோ!"

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் மஸ்கட்டில் இருந்து பதில் வரவில்லை. அண்ணாச்சி வகுப்புக்கு வருவார், கிட்டாரை மடியில் போடுவார், போனை எடுத்துப் பார்ப்பார், வைப்பார். "வித்திருப்பா" என்பார். டீச்சர் "வாசிங்க" என்பாள். அந்த வாரம் அவர் வாசித்த எதிலும் உயிரே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த கையோடு, அண்ணாச்சி கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். வெள்ளை வேட்டி தடுக்கி விழப் பார்த்தார்.

"டீச்சர்! விக்கலை!"

ஜெபமலர் வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தாள். மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நின்று கேட்டோம். முதலில் கிட்டார். பெரிய பாட்டெல்லாம் இல்லை, முதல் பாடத்தில் வருகிற ஏறுவரிசை, இறங்குவரிசை, அவ்வளவுதான். பார் நடுங்குவதுகூடக் கேட்டது. ஆனால் ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

பிறகு அவள் பேசினாள். மூச்சு வாங்கியது.

"அங்கிள், ஒருத்தர் வாங்க வர்றேன்னு சொல்லி இருந்தார். வர வேண்டாம்னு சொல்லிட்டேன். நைட் டியூட்டி, அதான் பதில் போட முடியல. அங்கிள், நான் ஒண்ணு யோசிச்சேன். சரியா வரலைன்னு எனக்குத் தெரிஞ்சுதே. ரூம்ல சிரிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது. அப்போ எனக்குக் காது இருக்கு இல்லையா அங்கிள்? எனக்குக் காது இருக்கு!"

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கர்த்தாவே, ஸ்தோத்திரம்" என்றார். எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார். எனக்கு எதற்குக் கொடுத்தார் என்று தெரியவில்லை, காபிக்காக இருக்கும்.

மறுபடியும் அந்தக் குரலைப் போட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் புருவம் கொஞ்சம் சுருங்கியது.

"டீச்சர், இறங்கி வரும்போது ஒரே ஒரு இடத்துல பார் லேசா விலகுது. கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"சொல்லாம விட்டா பழகிரும். சொன்னா, பாவம், இவ்வளவு சந்தோஷத்துல இருக்கா. எப்படிச் சொல்லட்டும்?"

டீச்சர் சோற்றுப் பானையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அண்ணாச்சிக்கும் ஒரு தட்டு எடுத்துப் போட்டாள்.

"சாப்பிடுங்க அண்ணாச்சி. அவளுக்கே கேட்டிருக்கும்."