கடைமடைக் கதிர்

தாண்டவராயன் மடத்துக்கு வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"சாமி, இந்த நாட்டுல இனிமே வெவசாயம் இருக்குமா?"

அதற்குச் சாமி, சாப்பிட்டுவிட்டுப் போ என்பார். மடத்தில் பொங்குவது கடையில் வாங்கிய அரிசி. மடத்து நிலம் கல்யாண மண்டபமாகி வெகுகாலம் ஆகிறது. அந்தச் சோற்றைப் பார்த்ததும் தாண்டவராயனுக்குக் கேள்வி இன்னும் பெரிதாகிவிடும்.

இருவருக்கும் ஒரே வயது. சின்ன வயதில் ஒரே ஏரியில் குதித்து ஆடியவர்கள். ஒருவர் காவி கட்டினார், இன்னொருவர் ஏர் பிடித்தார். அன்றிலிருந்து தாண்டவராயன் அவரைச் சாமி என்று கும்பிட்டுச் சீடனாகத் தரையில் உட்காருவார். சாமி மட்டும் பழையபடி வா, போ என்றே பேசுவார்.

மார்கழியில் ஒரு காலை, தாண்டவராயன் வேறு கேள்வியோடு வந்தார்.

"சாமி, மதகைத் தொறக்கலாமா?"

ஏரி மதகின் இரும்புச் சாவி மடத்துச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். தண்ணீருக்காக ஊரில் வெட்டுக்குத்து வரக்கூடாது என்று, உறவு பங்காளி இல்லாத சாமியாரிடம் சாவியைக் கொடுத்து வைத்திருந்தார்கள். அதைத் திருப்பித் தருவதிலும் ஒரு வழக்கம் உண்டு. அறுப்பு முடிந்ததும் கடைமடைக்காரர், அதாவது கால்வாயின் கடைசிக் கழனிக்குச் சொந்தக்காரர்தான் சாவியைக் கொண்டுவர வேண்டும். கூடவே தன் கழனியிலிருந்து ஒரு கட்டுக் கதிரும் கொண்டுவருவார். கடைசிக் கழனி விளைந்திருந்தால் எல்லாக் கழனியும் விளைந்தது என்று அர்த்தம். அந்தக் கதிரைக் குருவிகள் தின்னட்டும் என்று மடத்து வாசலில் தொங்கவிடுவார்கள்.

இப்போது தாண்டவராயன்தான் கடைமடைக்காரர். முதல் மடைக்காரரும் அவரேதான். ஏரிக்கும் அவர் கழனிக்கும் நடுவிலிருந்த கழனியெல்லாம் மனையாகி, மனையெல்லாம் தெருவாகிவிட்டது. தெருக்களுக்குப் பூப்பெயராகப் பார்த்து வைத்திருந்தார்கள். மல்லிகைத் தெரு, முல்லைத் தெரு, தாமரைத் தெரு. ஏரி தெரியும் வீடு என்று சொல்லி விலையை ஏற்றினார்கள். போன கோடையில் கால்வாயையும் மண் கொட்டி மூடித் தார் போட்டாயிற்று. தாண்டவராயனின் ஒரு ஏக்கர் மட்டும் தாமரைத் தெருவுக்குப் பின்னால் தனியே பச்சையாக நின்றது.

மழையை நம்பி நட்டிருந்தார். கார்த்திகையோடு மழை ஓய்ந்துவிட்டது. இப்போது கதிர் பால் பிடிக்கும் நேரம். இந்த வாரம் தண்ணீர் பாய்ச்சாவிட்டால் மொத்தமும் பதர். ஏரிப் பாசனக்காரனுக்குக் கிணறு எதற்கு என்று அவர் அப்பா கிணறு வெட்டவில்லை.

ஏரியோ நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. வறண்டு கிடந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"தொறந்தா தண்ணி எந்தப் பக்கம் போவும்?" என்று சாமி கேட்டார்.

"தெருவுலதான் சாமி. கால்வாய் இருந்த எடந்தானே பள்ளம்."

"கடைசித் தெருவுல யாரு வூட்டுல புகும்?"

தாண்டவராயன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எம்பொண்ணு வூடு."

அம்சவேணியின் வீடு சரியாகக் கால்வாயின் மேலேயே நின்றது. அதனால்தான் அந்த மனை மலிவாகக் கிடைத்தது. பூமி பூஜையன்று தேங்காய் உடைத்தவர் தாண்டவராயன். தான் எந்த இடத்தில் உடைக்கிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மகளுக்கு ஒரு வீடு அமைகிறதே என்று வாயைத் திறக்கவில்லை.

தொறக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பயிரை மறந்துவிடுகிறேன் என்று அவர் சாமியிடம் கெஞ்சினார்.

சாமி எழுந்து ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"கடைமடைக்காரன் கேட்டா சாவி இல்லன்னு சொல்ற வழக்கம் மடத்துக்கு இல்ல. மொதல் தண்ணி கூடவே நடந்து போறது உன் வழக்கம். போய்ட்டு வா."

தாண்டவராயன் மதகைக் கொஞ்சமாகத் திருகிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரோடு நடந்தார். வழியில் அடைப்பு இருந்தால் எடுத்துவிடவும் உடைப்பு இருந்தால் மண் வைக்கவும் அப்படி நடப்பது வழக்கம். அவர் அப்பா கோவணத்தோடு வரப்பில் நடந்தார். இவர் மல்லிகைத் தெருவின் தார் ரோட்டில், நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களுக்கு நடுவே நடந்தார். தண்ணீர் பிளாஸ்டிக் பைகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனது.

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்மணி, எந்தப் பைப் உடைந்தது என்று கேட்டாள். அவள் கோலம் பாதி கரைந்திருந்தது. ஏரித் தண்ணீர், கழனிக்குப் போகிறது என்றார் தாண்டவராயன்.

"கழனியா? இங்க ஏதுங்க கழனி?"

அவள் குடிவந்து நாலைந்து வருஷம் இருக்கும். கழனி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய?

தாமரைத் தெருவின் கோடியில் அம்சவேணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அரிசிச் சாக்குகளில் மணல் அள்ளி வாசற்படியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

"நல்லவேளை வந்தீங்கப்பா. எங்கேருந்துன்னு தெரியல, தண்ணி வருது. திருப்பி வுடுங்கப்பா."

வீட்டுக்குப் பின்னால், குட்டை மதிலுக்கு மேலே அவர் வயலின் கதிர்த் தலைகள் தெரிந்தன. தண்ணீர் அங்கே போக வேண்டுமானால் வாசல் வழியாக நுழைந்து, கூடத்தைத் தாண்டி, அடுப்படி வழியாக வெளியேற வேண்டும். பெரிய தூரம் ஒன்றுமில்லை.

தாண்டவராயன் மண்வெட்டியை இறக்கினார். ரோட்டோரத்து மண்ணை நறுக்கென்று வெட்டினார். வெட்டிய மண்ணை எதிர்ப்பக்கம் அணையாகப் போட்டார். தண்ணீர் திரும்பிச் சாக்கடையில் விழுந்தது. பிறந்ததிலிருந்து பயிருக்கே தண்ணீர் திருப்பிப் பழகிய கை அது. அன்றைக்கும் தடுமாறவில்லை, சுத்தமாகத்தான் வெட்டியது.

அம்சவேணி காப்பி கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். நான்தான் திறந்தேன் என்று சொல்லவில்லை.

மதகை மூடிவிட்டு மடத்துக்கு வந்தார்.

"தண்ணி எங்க போச்சு?" என்றார் சாமி.

"சாக்கடைக்கு."

"யாரு திருப்பினது?"

"நான்தான் சாமி."

அவர் சாவியை நீட்டினார். சாமி கை நீட்டவில்லை.

"கதிர் எங்க?"

"கதிர் ஏது சாமி? எல்லாம் பதராப் போவப் போவுது."

"பதரானாலும் கடைமடைக் கதிர் அதுதான். அறுத்துக் கொண்டா. அப்போ வாங்கிக்கிறேன்."

தாண்டவராயனுக்கு முதல் தடவையாகச் சாமியின்மேல் கோபம் வந்தது. இதென்ன தண்டனையா என்று கேட்டேவிட்டார்.

"ஆமா. எனக்குந்தான்" என்றார் சாமி. அப்போது அவர் பார்வை மடத்து நிலத்தில் எழுந்த கல்யாண மண்டபத்தின் பக்கம் இருந்தது.

தை பிறந்தது. வயல் வெளுத்து நின்றது. மணி பிடித்த கதிர் தலை சாயும். இந்தக் கதிர்கள் வெட்கமில்லாமல் நிமிர்ந்து நின்றன. அறுவடை மிஷின்காரர் வரப்பிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மனை புரோக்கருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது போலும், அதே வாரம் வந்து நலம் விசாரித்தார். தாண்டவராயன் அவரிடம் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அரிவாளை எடுத்து ஒரு கட்டு மட்டும் அறுத்துக்கொண்டார். மீதியை யார் வீட்டு மாடுகளோ வந்து மேய்ந்தன.

கதிர்க் கட்டோடும் சாவியோடும் மடத்துக்குப் போனார். சாமி இப்போது சாவியை வாங்கி ஆணியில் மாட்டினார். கதிரை இருவருமாகச் சேர்ந்து வாசலில் கட்டினார்கள். கட்டும்போது அது கனக்கவே இல்லை. பிறகு எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குருவி வந்தது. கதிரில் தொற்றிக்கொண்டு ஒரு நெல்லைக் கொத்திக் கீழே போட்டது. இன்னொன்றைக் கொத்தியது. தலைகீழாகத் தொங்கி அடியில் இருந்ததையும் கொத்திப் பார்த்தது. கட்டு முழுவதும் தேடிவிட்டுப் பறந்து போனது. வாசலில் உமி சிதறிக் கிடந்தது.

தாண்டவராயன் பழைய கேள்வியையே கேட்டார்.

"சாமி, இனிமே வெவசாயம் இருக்குமா?"

சாமி உமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குருவி நாளைக்கும் வரும்" என்றார். "இருக்குமா இல்லையான்னு நீயே வந்து அதுக்குச் சொல்லு."