கரிச்சான் நின்ற இடங்கள்

“கரிச்சானை மறக்க ஒரு வழி சொல்லுங்க தாயே.”

கேட்டவர் ஆவுடையப்பன். வயது அறுபத்திரண்டு. பிறவியிலேயே கண் தெரியாது.

கேட்டது குருவிமலை மடத்து அம்மையிடம். அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் அவருக்கு அவள்தான் குரு. அதில் அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

கரிச்சான் அவருடைய நாய். வயசாகிச் செத்துப் பதினெட்டு நாளாகிறது. அன்றிலிருந்து ஆவுடையப்பன் மலையேறவில்லை. அடிவாரத்துக் குடிசையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான். பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மையே இறங்கி வந்திருந்தாள்.

“மறக்கிறது கெடக்கட்டும். மணி அடிக்க ஏன் வரல்ல?”

மத்தியானம் அவர் மணி அடித்தால்தான் மடத்தில் இலை போடுவார்கள். அப்படி ஒரு வழக்கம். இந்தப் பதினெட்டு நாளும் மணிச்சத்தம் இல்லாமலே பந்தி நடந்தது.

“வழி தெரியாதே தாயே.”

“பதினோரு வருசமா ஏறினது யாரு?”

“கரிச்சான் ஏறுச்சு. நான் கயித்தைப் பிடிச்சேன்.”

“கயிறு எங்க?”

“தலைமாட்டுல.”

“நாளைக்கு அதைக் கையில பிடிச்சுட்டு வாங்க.”

“அந்த முனையில நாய் இல்லியே தாயே!”

“அது எனக்கும் தெரியும் அண்ணாச்சி.”

“துணைக்கு யாரையாவது...”

“ஒருத்தரும் வரமாட்டாங்க. நாளைக்கு நீங்க மணி அடிச்சாத்தான் மடத்துல சோறு. எனக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்.”

“விழுந்துட்டா?”

“விழுந்தா எந்திரிங்க. இப்ப மட்டும் நின்னுக்கிட்டா இருக்கீங்க?”

போய்விட்டாள்.

மறுநாள் அவரைக் கிளப்பியது பக்தி இல்லை, கோபம். “ஈவு இரக்கம் கெட்ட பொம்பள. நாப்பது பேரைப் பட்டினி போட்டாலும் போட்டுருவா.” இடக்கையில் கம்பு, வலக்கையில் கயிறு. கயிறு தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது.

முதலில் டீக்கடை. பால் காய்கிற வாசனை வந்ததும் கால் தானாக நின்றது. ஒரு பொறை ரொட்டி வாங்கித் தின்னாமல் கரிச்சான் இங்கிருந்து நகராது. “நாக்குச் செத்த பயலே” என்று தினமும் திட்டு வாங்கும். தின்று முடித்ததும் இடப்பக்கம் இழுக்கும்.

இடப்பக்கம் திரும்பினார். முதல் படி காலில் தட்டியது.

படிகள் முடிகிற இடத்தில் ஒரு கல்தூண். அதில் காலைத் தூக்காமல் கரிச்சான் ஒருநாளும் தாண்டியதில்லை. கம்பால் துழாவினார். தூண் அங்கேதான் இருந்தது.

அப்புறம் சுனை. சாவகாசமாகக் குடித்துவிட்டு உடம்பை உதறும். வேட்டியெல்லாம் நனையும். “பந்திக்கு நேரமாவுதுல, வா” என்று கத்துவார். இன்று குனிந்து ஒரு கை அள்ளித் தானும் குடித்தார்.

அதற்கும் மேலே வழுக்குப்பாறை.

இந்தப் பாறையில் கால் வைத்ததும் கரிச்சான் அவருடைய வலது காலோடு வந்து ஒட்டிக்கொள்ளும். நடக்கவே விடாது. “பயந்தாங்கொள்ளி! குரங்குக்குப் பயந்து என் கால்லயா ஒளியுத? தள்ளுல!” முழங்காலால் இடிப்பார். எத்தனை இடி வாங்கினாலும் தள்ளாது. பதினோரு வருசமும் அந்தப் பாறையில் அதன் பெயர் பயந்தாங்கொள்ளிதான்.

இன்று வலது காலில் ஒன்றும் ஒட்டவில்லை. காற்றுதான் அடித்தது. கீழேயிருந்து மேலே அடிக்கிற காற்று.

ஆவுடையப்பனுக்குச் சந்தேகம் வந்தது. கம்பை வலப்பக்கம் நீட்டித் தட்டினார்.

கம்புக்குத் தரை கிடைக்கவில்லை.

இந்தப் பக்கம் பள்ளம் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவை வந்ததில்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ஏ கரிச்சான்... உன்னையவால இடிச்சேன்... உன்னையவால தள்ளச் சொன்னேன்...”

வாய்விட்டு அழுதார். அது செத்த அன்றுகூட இப்படி அழவில்லை.

பாறைக்கு மேலே அம்மை நின்றிருந்தாள். காலையிலிருந்தே அங்கேதான் நின்றாள். கூப்பிடவில்லை. இறங்கி வந்து கை கொடுக்கவும் இல்லை.

அழுது முடித்து ஆவுடையப்பன் எழுந்தார். கயிற்றை வலக்கையில் இறுக்கிக்கொண்டார். கரிச்சான் நெருக்குகிற மாதிரியே இடப்பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி, ஓர் அடி பிசகாமல் ஏறினார்.

மணி அடித்தது. அடிவாரத்து டீக்கடை வரைக்கும் கேட்டது. மடத்தில் பசியில் முணுமுணுத்துக் கொண்டிருந்தவர்கள் இலை முன்னால் உட்கார்ந்தார்கள்.

அம்மை அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நேத்து என்னமோ கேட்டீங்களே அண்ணாச்சி, மறக்க ஒரு வழி வேணும்னு. இப்ப சொல்லட்டுமா?”

ஆவுடையப்பன் கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

“வேண்டாம் தாயே. மறந்துட்டா நான் எப்படிக் கீழ இறங்குவேன்?”