செடியைப் பிடுங்கிய கெளுத்தி

இந்துமதி வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அடியில் மணல், நடுவில் ஒரு மரக்கட்டை, சுற்றிலும் பச்சைப் பசேலென்று செடிகள். அதில் ஒரு குராமி மீனும் கப்பிக் குஞ்சுகளும் ஒரு கெளுத்தியும் குடியிருந்தன.

கெளுத்திக்குக் கூச்சம் அதிகம். தொட்டி விளக்கு எரிந்தால் மரக்கட்டையின் அடியை விட்டு நகராது. விளக்கு அணைந்ததும் வெளியே வந்து, மீசையால் மணலைத் தடவி, மேலே இருப்பவர்கள் சிந்திய தீனியைத் தேடித் தின்னும். தின்றுவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்ளும். அதற்கு ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் குராமிக்குத்தான். தொட்டிக்கே தான்தான் பெரிய மனிதர் என்ற நினைப்பு அதற்கு. அவ்வப்போது நீர்மட்டத்துக்குப் போய் ஒரு வாய் காற்று பிடித்துவிட்டு வரும். குராமிகளுக்கு அது இல்லாமல் உயிர் தங்காது. அதையும் ஊர்வலம் போவதுபோலத்தான் செய்யும்.

ஒரு நாள் அது கப்பிகளைக் கூப்பிட்டது.

"அந்தக் கெளுத்தி மணலை நோண்டி நோண்டி, செடியெல்லாம் வேரோட கிளம்பி மிதக்குது. இந்துமதியக்கா நட்டு நட்டு அலுத்துப்போறாங்க. அவனுக்கு எதுக்குத் தீனி?"

"பாவம்ணே, கீழ விழுறதத்தானே தின்னுது" என்றது ஒரு கப்பி.

"பந்தியில வந்து உக்காராதவனுக்கு எதுக்கு இலை? இனிமே ஒரு துணுக்குகூட கீழ போகக் கூடாது. மொத்தத்தையும் நாமளே தின்னுடணும்."

கப்பிகளுக்கு வாயும் சின்னது, வயிறும் சின்னது. ஆகவே மொத்தமும் குராமியின் பொறுப்பாயிற்று. பசித்தாலும் தின்றது, பசிக்காவிட்டாலும் தின்றது.

கீழே கெளுத்தி மணலைச் சலித்துச் சலித்துப் பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை. நாளாக ஆக வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது. போய்க் கேட்டுவிடலாம் என்று கட்டையின் ஓரம் வரை வரும். விளக்கைப் பார்த்ததும் திரும்பிவிடும். வாய்விட்டுக் கேட்கத் தெரியாதவர்கள் பாடு எங்கேயும் இப்படித்தான் இருக்கிறது.

குராமியின் வயிறோ பலூன்போல உப்பிவிட்டது. ஒரு மதியம் அதனால் நீந்தவே முடியவில்லை. மெல்ல மெல்லக் கீழே இறங்கி, அகன்ற இலைச் செடி ஒன்றின் நடுவில் விழுந்து கிடந்தது.

"அண்ணே, எழுந்திரிங்க! மேல போய் மூச்சு விடுங்க" என்று கப்பிகள் கூடி முட்டித் தள்ளின. பாறையைத் தள்ளியதுபோலத்தான்.

"முடியலடா. காத்து வேணும்டா" என்று முனகியது குராமி.

கட்டைக்கு அடியிலிருந்த கெளுத்திக்கு அது கேட்டது. கிடந்து தவிக்கட்டும் என்று நினைத்ததா? நினைத்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு மனசு கேட்கவில்லை. விளக்கு பளீரென்று எரிந்துகொண்டிருக்க, எல்லாரும் பார்க்க, கெளுத்தி வெளியே வந்தது. நேராகச் செடியின் அடிக்குப் போய் மணலை நோண்டத் தொடங்கியது.

"நோண்டுறதுக்கு இதுதானா நேரம்?" என்று கப்பிகள் கத்தின.

கெளுத்தி நோண்டிக்கொண்டே இருந்தது. வாய் நிறைய மணல். ஒரு வேர் கழன்றது. இன்னொரு வேர் கழன்றது. செடி ஒரு குலுங்கு குலுங்கி, வேரோடு கிளம்பி மேலே மிதக்கத் தொடங்கியது. அதன் இலைகளுக்கு நடுவில், தொட்டிலில் கிடக்கும் பிள்ளைபோல, குராமியும் மேலே போயிற்று. வாய் நீருக்கு வெளியே வந்ததும் அது ஆசைதீரக் காற்றை விழுங்கியது.

"அட, மறுபடியும் பிடுங்கிடுச்சா?" என்று சாயங்காலம் அலுத்துக்கொண்டாள் இந்துமதி. உள்ளே நடந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? செடியைத் திரும்ப நட்டு வைத்தாள்.

வயிறு வற்றும்வரை குராமி தீனிப் பக்கமே போகவில்லை. அதன் பங்கெல்லாம் கீழே இறங்கியது. கெளுத்தி வயிறாரத் தின்றது.

உடம்பு தேறியதும் குராமி கட்டைக்கு அருகே வந்தது.

"உன்னைப் பட்டினி போட்டது நான்தான். தெரியுமா?"

"தெரியும்ணே."

"அப்புறம் ஏன்டா வந்த?"

"நீங்க போயிட்டா மேலேர்ந்து யாரு சிந்துவா?" என்றது கெளுத்தி.

குராமிக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. "இனிமே எங்களோட வந்து சாப்பிடு."

"வேணாம்ணே, வெளிச்சம் கூசுது. நீங்க சிந்துங்க, அது போதும்."

அன்றுமுதல் குராமி பசிக்கு மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தைக் கீழே விட்டுவிடும். கெளுத்தி கட்டைக்கு அடியில் நிம்மதியாக மீசையை ஆட்டிக்கொண்டு கிடந்தது.

முன்னால் வந்து கேட்காதவனுக்கும் பங்கு உண்டு. அதைப் பறித்துத் தின்றால் தின்றவனுக்கே செரிக்காது.