கார் வந்தால் முடிகிற ஆட்டம்

பந்து உருண்டால் வள்ளம் இறக்க மறக்கிற கடற்கரை ஊர் அது. கோயில் திருவிழாவின் கடைசி நாள் மாலையில் ஆண்களின் இறுதி ஆட்டம் நடக்கும். அதற்கு முன்னால் வடக்குத் தெருப் பெண்களும் தெற்குத் தெருப் பெண்களும் ஆடுவார்கள். கூட்டம் சேரும்வரை மைதானம் வெறிச்சோடிக் கிடக்கக் கூடாதே, அதற்காக. ஆண்கள் ஆட்டத்தைப் பார்க்க வரும் சிறப்பு விருந்தினரின் கார் வந்ததும் நடுவர் நீளமாக விசில் ஊதுவார். பெண்கள் வெளியேறிவிட வேண்டும். கோல் விழுந்திருந்தாலும் கணக்கில்லை. பாதியில் நின்ற ஆட்டத்தில் வெற்றி ஏது?

அந்த வருடம் மைதான வாசலில் ஒரு கல் நட்டார்கள். ஊரின் கால்பந்து வரலாறு என்று தலைப்பு. கீழே வென்ற அணிகளின் பெயர்கள். எல்லாம் ஆண்கள்.

வடக்குத் தெருப் பெண்களின் தலைவி ஜெனோபா, கமிட்டிச் செயலாளர் ததேயூஸிடம் போனாள்.

"அண்ணே, எங்க பேரு எங்க?"

"ஜெயிச்சவங்க பேரு மட்டுந்தான் தங்கச்சி. நீங்க எந்த வருஷம் ஜெயிச்சீங்க? சொல்லு, இப்பவே கொத்தச் சொல்றேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் கேட்டதில் பொய் இல்லை. அதுதான் சுட்டது.

அவளுடைய அம்மாவும் ஆடியவள்தான். அந்தக் காலத்தில் பெண்களுக்கு மைதானமே கிடையாது. பந்தை உதைத்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்றார்கள் பெரியவர்கள். மீன் கூடையைத் தலையில் வைத்துச் சந்தைவரை ஓடியபோது இறங்காத கர்ப்பப்பை, பந்தை உதைத்தால் இறங்கிவிடுமாம்! வலை காயும் மணலில்தான் அவர்கள் ஆடினார்கள்.

ஜெனோபா நேராக ஆசானிடம் வந்தாள். ஆசான் மெற்றில்டா மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு தெருவுக்கும் பந்து சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

"ஆசானே, இன்னைக்கு நாங்க இறங்க மாட்டோம்."

"இறங்காம?"

"வாசல்ல உக்காந்து கோஷம் போடுவோம்."

"போடலாம். நானும் போட்டிருக்கேன். தொண்டை கட்டினதும் சுக்குக் காப்பி குடுத்து அனுப்பி வச்சாங்க." ஆசான் நிமிர்ந்தாள். "ததேயூஸுக்கு என்ன பதில் சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? நாம ஜெயிச்சதே இல்லியே."

"தோத்திருக்கோமா?"

ஜெனோபா யோசித்தாள். "இல்ல."

"போய் பூட்ஸக் கட்டு. கார் வந்தா காரைப் பாக்காத, பந்தைப் பாரு."

ஆட்டம் தொடங்கியது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது கார் வந்தது. பேண்டு வாத்தியம் முழங்கியது. நடுவர் விசிலை நீளமாக ஊதிவிட்டு நடையைக் கட்டினார். பழகிய கால்கள் தாமாக நின்றன. ஜெனோபாவின் கால்களும்தான்.

ஆசான் மைதானத்துக்குள் நடந்தாள். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள்.

"ஒருத்தியும் வெளிய போகாதீங்கட்டீ. இன்னும் நேரம் இருக்கு."

ததேயூஸ் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடி வந்தான். "மெற்றில்டாக்கா! விருந்தாளி காத்து நிக்காரு!"

"ஏன் நிக்கணும்? நாற்காலி போடு. ஆட்டம் பாக்கத்தானே வந்திருக்காரு."

ததேயூஸ் மைக்குக்கு ஓடினான். "சகோதரிகள் தயவுசெய்து மைதானத்தை விட்டு..."

"மைக்கை அணைலே!" என்று மீன்காரப் பெண்கள் கத்தினார்கள். அணைந்தது.

பந்து மறுபடி உருண்டது. ஜெனோபா அடித்தது கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அந்தப் பந்தைத் தெற்குத் தெரு பிரஜிட் கொண்டுபோனாள். தடுக்க ஓடி வந்த ஜெனோபாவின் கால்களுக்கு நடுவே தட்டிவிட்டு, கோல் போட்டாள். ஊரே எழுந்து கத்தியது. நேரம் முடிந்ததும் ஆசான் விரல் விசில் அடித்தாள்.

ஜெனோபா தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்தாள்.

"இதுக்கா ஆசானே ஆட வச்சீங்க? தோத்துட்டேன்."

"ஆமா. இந்த ஊர்ல தோத்த மொத பொம்பள நீதான். நிமிந்து உக்காரு."

மைக் மறுபடி உயிர் பெற்றது. ததேயூஸின் குரல் தேனாக வழிந்தது. "நடுவர் விசிலுக்குப் பிறகு விழுந்த கோல் செல்லாது. பெண்கள் காட்சி ஆட்டம் வெற்றி தோல்வியின்றி இனிதே நிறைவுற்றது."

ஜெனோபாவுக்கு ஒரு கணம் மனசு லேசானது. தோற்கவில்லை. பிறகு பிரஜிட்டைப் பார்த்தாள். தோழிகளின் தோளில் ஏறியிருந்தவள் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள்.

"ஆசானே, அந்தக் கோல் ஏன் செல்லாதுன்னு நீங்க போய்க் கேளுங்க."

"நான் கேட்டா சண்டைக்காரிம்பான்."

"பிரஜிட் கேக்கட்டும்."

"பேராசைம்பான்."

"அப்போ நானா? கல்லுல தெக்குத் தெருப் பேரு ஏறணும்னு நானா கேக்கணும்?"

ஆசான் அவளுக்குக் கை நீட்டினாள்.

"தோத்துட்டேன்னு தோத்தவளே சொன்னா என்ன சொல்லி மறுப்பான்? எழும்பு."