வந்த வழியும் நடந்த வழியும்

காட்டாற்றில் இருந்த மூங்கில் மடுவின் கரையில் ஒரு நாய்க் கூட்டம் வாழ்ந்து வந்தது. அந்தக் கூட்டத்தில் துள்ளான் என்று ஒரு குட்டி. அது மற்ற நாய்களைப் போல ஓடாது. பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, முயல் மாதிரி தத்தித் தத்திப் போகும். படுத்தால் எழுந்திருக்க ஒரு பாடு. எழுந்து நின்றாலோ, குழியில் சரியாகப் பொருந்தாத ஆட்டுக்கல் குழவியைப் போல இடுப்பு ஆடும்.

துள்ளானின் தாய்மாமன் மொட்டைவால். மருமகன் தத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குக் கவலை வரும். காரணம் இல்லாமல் இல்லை. முதல் மழை விழுந்ததும் கூட்டம் முழுக்க ஆற்றைக் கடந்து அக்கரை மேட்டுக்குப் போய்விடும். நடு ஆற்றில் இருக்கும் பாறைகளை ஒவ்வொன்றாகத் தாவித்தான் போக வேண்டும். தாவ முடியாத குட்டியை இக்கரையிலேயே விட்டுவிட்டுப் போவது கூட்டத்தின் வழக்கம். இக்கரையில் சிறுத்தை திரியும்!

"நான் இருக்கும்போது என் மருமகனை விட்டுட்டுப் போயிடுவாங்களா? தின்னாத்தானே காலுக்குப் பலம் வரும்! தாய்மாமன் சீர்ல ஒரு குறையும் வைக்க மாட்டேன்!" என்றது மொட்டைவால்.

காலையில் பன்றிக் கொழுப்பு. மத்தியானம் காடை முட்டை. பொழுது சாயும்போது மான் தொடை. "போதும் மாமா!" என்று வாய் திறந்தால், திறந்த வாயில் இன்னொரு துண்டு! குட்டி பூசணிக்காய் போல உருண்டது. தத்தல் மட்டும் குறையவில்லை.

"தீனி போட்டா கால் வருமா? பயிற்சி வேணும் பயிற்சி!" என்று குதித்து வந்தது அத்தை வெள்ளைக்காலி. துள்ளானின் அப்பாவுக்கு அது அக்கா. குட்டியை மடு ஓரத்துப் பாசிப் பாறைக்கு இழுத்துப் போய், "ஏறு! குதி! மறுபடி ஏறு!" என்று விரட்டியது. பாவம் குட்டி. நாலு காலும் நாலு திசைக்கு வழுக்கி, தவளை போலப் பரப்பிக்கொண்டு விழுந்தது. சாயங்காலம் பார்த்தால், இருந்த நடையும் போயிருந்தது.

அவ்வளவுதான், மூண்டது சண்டை!

"எங்க வழியில யாரும் இப்படித் தத்தினதில்லை. இது அப்பன் வழிதான்!" என்று குரைத்தது மொட்டைவால்.

"வாயைக் கழுவுங்க! எங்க வழியில எல்லாருக்கும் இரும்புக் கால். இது அம்மா வழி!" என்று எகிறியது வெள்ளைக்காலி.

இரண்டும் துள்ளானையும் கூட்டிக்கொண்டு, தீர்ப்புக் கேட்க நீர்நாய் மின்னியிடம் போயின. மின்னி மீன் தின்றுகொண்டிருந்தது.

"பேருக்குத்தான்யா நான் நாய்! உங்க பஞ்சாயத்துக்கு நான் எதுக்கு?"

"பேர்ல நாய் இருக்குல்ல? அப்போ நீ பங்காளி. சொல்லு தீர்ப்பை!" என்று கட்டளையிட்டது மொட்டைவால். கட்டளையிட்ட தோரணையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த இடம் நண்டு வளை! இருந்த கொஞ்சம் வாலையும் நண்டு கவ்வியது.

"ஐயோ!" என்று எழும்பிய மொட்டைவால் கரை நெடுக ஓடியது. எப்படி ஓடியது தெரியுமா? பின்னங்கால் இரண்டையும் சேர்த்து, தத்தித் தத்தி!

புதரிலிருந்து ஒரு முயல் தலையை நீட்டியது. "அட, நம்மாளா? எந்தப் புதர் மாமா நீங்க?"

மொட்டைவால் அப்படியே நின்றுவிட்டது. காலையில் இடுப்பு பிடிக்கும்போதெல்லாம், "பனிக்காத்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது எல்லாம் நினைவுக்கு வந்தது. வெள்ளைக்காலி விழுந்து விழுந்து சிரித்தது. விழுந்ததா, எழுந்திருக்க முடியவில்லை! முன்னங்காலை ஊன்றி, இடுப்பை ஆட்டி ஆட்டி, இரும்புக் காலால் மெல்ல எழுந்தது.

"அத்தை! நீயும் என்னை மாதிரியேதான் எழுந்திருக்கிறே!" என்று குதூகலித்தது துள்ளான்.

மின்னி மீனைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தது. "ரெண்டு வழியிலயும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கு. பிள்ளைகிட்ட ஒண்ணா வந்து சேர்ந்திருக்கு. அது போதாதுன்னு, ஒருத்தர் அந்த இடுப்பு மேல கொழுப்பை ஏத்தினீங்க, இன்னொருத்தர் பாறையில வழுக்க விட்டீங்க. வந்த வழியை மாத்த முடியாது. நடக்கிற வழியையாவது மாத்துங்களேன்!"

"அப்போ என் சீர்?" என்று முனகியது மொட்டைவால்.

"கண்டிப்பா குடுக்கணும்னா எனக்குக் குடு!" என்றது மின்னி.

இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே குட்டி ஈரப்புல்லில் உருண்டு, மடுவுக்குள் 'தொபுக்'கென்று விழுந்தது! எல்லாரும் அலறினார்கள். குட்டியோ மிதந்தது. காலை உதைத்தது. முன்னே போனது!

"மாமா! தண்ணிக்குள்ள இடுப்பு வலிக்கவே இல்லை!"

மறுநாளிலிருந்து எல்லாம் மாறியது. பாதித் தீனி. பாறைக்குப் பதில் மணல் நடை. காலை தோறும் மின்னியோடு நீச்சல். குட்டி கெஞ்சும் கண்ணோடு பார்க்கும்போது மொட்டைவாலுக்கு மனசு இளகிவிடும். அதனால் அது எலும்பை ஒளித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். துள்ளானின் தத்தல் முழுக்கப் போகவில்லை. ஆனால் வயிறு வற்றியது, தொடை இறுகியது, வலி அடங்கியது.

முதல் மழை வந்தது. கூட்டம் பாறை பாறையாகத் தாவியது. துள்ளான் தாவவில்லை. ஓரமாக ஆற்றில் இறங்கி, நீந்தத் தொடங்கியது. கடைசியாக வந்தது மொட்டைவால். நடுப்பாறையில் இடுப்பு சற்றே ஆடியது. கால் வழுக்கியது. தொபுக்!

"மாமா, என் வாலைப் பிடி!" என்று கத்திக்கொண்டே வந்தது துள்ளான்.

மருமகனின் வாலைக் கவ்விக்கொண்டு மிதந்தபோதுதான், நீளமான வாலின் அருமை மொட்டைவாலுக்குப் புரிந்தது. தத்திக் கரையேறிய இரண்டையும் கூட்டம் கும்மாளமிட்டு வரவேற்றது.

துள்ளான் மூச்சு வாங்கச் சொன்னது: "மாமா, நாளையிலிருந்து உனக்கும் பாதித் தீனிதான்!"

குறை யார் வழியில் வந்தது என்று பழி போடுவதை விட்டு, இனி நடக்கும் வழியைச் சீராக்குவதே உறவுக்குச் செய்யும் உண்மையான சீர்.